அடுக்களைச் சுவரின் நிறம்

வரலாறு என்றதும் போர்களும் முடிசூட்டு விழாக்களும் உடன்படிக்கைகளுமே மாணவர் மனத்தில் தோன்றுகின்றன. வீட்டின் பின்கட்டிலுள்ள அடுக்களைக்கும் குளியலறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படும் குடும்பங்களில் அடுக்களைக்கு எந்த வண்ணம், குளியலறைக்கு எந்த ஓடு என்று ஒரு விவாதம் நடைபெறாமல் இருப்பதில்லை. அது வெறும் இரசனையைப் பற்றிய விவாதம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்நிறங்களுக்குப் பின்னால் நஞ்சும், நோயும், தொழிலாளரின் உயிரும், பெண்களின் உழைப்பும் இருந்திருக்கின்றன. மாணவ நண்பர்களே, அவற்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

முதலில் பச்சை நிறத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்பவர் 1775-ஆம் ஆண்டில் தாமிரத்தையும் ஆர்சனிக் என்னும் பாஷாணத்தையும் கொண்டு ஒரு புதிய பச்சையை உண்டாக்கினார். அதனினும் ஒளி மிக்க மற்றொரு பச்சை 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் தோன்றியது. அதிலும் பாஷாணமே கலந்திருந்தது. இளந்தளிரைப் போன்ற அந்த நிறத்தை ஐரோப்பிய மக்கள் பெரிதும் விரும்பினர். சுவரில் ஒட்டும் காகிதம், மகளிர் உடை, செயற்கைப் பூ, குழந்தைகளின் பொம்மை ஆகிய அனைத்திலும் அது புகுந்தது. 1861-இல் இலண்டனில் செயற்கை இலைகளுக்கு இப்பச்சைத் தூளைத் தூவும் தொழில் செய்துவந்த பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி மாண்டாள். அவள் கண்ணின் வெண்மையே பச்சையாகிவிட்டது என்று அக்காலத்தில் எழுதினர்.

சுவர்க் காகிதத்தில் உள்ள நஞ்சு, அறையில் வசிப்பவரை எவ்வாறு தாக்கும் என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. உலர்ந்த காகிதத்திலிருந்து தூள் உதிர்வது ஒரு வழி. 1890-களில் இத்தாலிய அறிஞர் பார்த்தோலோமியோ கோசியோ மற்றொரு வழியைக் காட்டினார். ஈரம் ஏறிய சுவரில், காகிதத்தை ஒட்டிய பசையின்மேல் பூஞ்சை வளர்கிறது. அப்பூஞ்சை வண்ணத்திலுள்ள பாஷாணத்தைப் பூண்டு மணம் வீசும் ஒரு வாயுவாக மாற்றுகிறது என்று அவர் கண்டார். ஆகவே நீராவியும் ஈரமும் நிறைந்த அறைகளில் நிறத்தைத் தேர்வது உயிரைப் பற்றிய வினாவாகவே ஒரு காலத்தில் இருந்தது. (செயின்ட் ஹெலீனா தீவில் நெப்போலியனைக் கொன்றது பச்சைச் சுவர்க் காகிதமே என்று ஒரு கதை உண்டு. 1821-இல் அவர் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் இரைப்பையில் இருந்த நோயையே குறிப்பிட்டனர். சுவையான கதையைவிடச் சுவையற்ற சான்றையே வரலாற்று மாணவன் பற்றிக்கொள்ள வேண்டும்.)

பச்சைக்குப் பின் வெள்ளையின் ஆட்சி வந்தது. இராபர்ட் கோக் 1882-இல் காச நோயின் கிருமியை உலகுக்கு அறிவித்தார். 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்ற பழைய எண்ணம் மறைந்து, கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே காரணம் என்பது நிலைபெற்றது. அதன்பின் மருத்துவமனைகளும், அவற்றைப் பார்த்துக் குளியலறைகளும் அடுக்களைகளும் வெள்ளைப் பளிங்கு ஓடுகளால் மூடப்பட்டன. வெள்ளை நிறம் தானாக எந்தக் கிருமியையும் கொல்லாது. அது அழுக்கைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. அதனால் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டிய கடமை வீட்டுப் பெண்ணின் தோளில் ஏறியது.

நம் நாட்டுச் சுண்ணாம்பின் செய்தி வேறு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சையும் பல கிருமிகளும் தழைக்க இயலா. பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடித்த நம் முன்னோர், விறகுப் புகையேறிய அடுக்களைச் சுவரைப் புதுக்கியதோடு அந்தப் பயனையும் பெற்றனர். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்ததற்கும் பொருளுண்டு. வெள்ளையில் தோன்றும் மஞ்சள் சாயலை நீலம் மறைத்து, கண்ணுக்கு அதை மேலும் வெண்மையாக்குகிறது. வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே தத்துவந்தான்.

ஐரோப்பாவின் வெள்ளை வண்ணத்திலோ ஈயம் இருந்தது. அதைக் குழைத்தவரும் பூசியவரும் வயிற்று வலியாலும் கை முடக்கத்தாலும் வருந்தினர். 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தொழில்முறையில் ஈயவெள்ளையைப் பூசும் வேலையில் பெண்களையும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களையும் அமர்த்தலாகாது என்று ஓர் ஒப்பந்தம் செய்தது. அதே காலத்தையொட்டி டைட்டேனியம் வெள்ளை சந்தைக்கு வந்து ஈயத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பற்றியது. நம் இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு காலந்தாழ்ந்து வந்தது என்பதை இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டு நீங்களே கணக்கிடலாம்.

வெள்ளையின் ஆட்சிக்கு எதிரான முதற்குரல்களுள் ஒன்று அறுவைக் கூடத்திலிருந்தே எழுந்தது வியப்புக்குரியது. 1914-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் ஹாரி ஷெர்மன் என்ற மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சத்தில் கண் தடுமாறுகிறது என்று கூறி, இரத்தச் சிவப்புக்கு எதிர்நிறமான பச்சையைத் தம் அறைக்குப் பூசச் செய்தார். நிறம் என்பது வேலை செய்பவரின் கண்ணுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இதிலே தெரிகிறது.

அவ்வெண்ணத்தை அடுக்களைக்குக் கொண்டுவந்த பெருமை மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணிக்கு உரியது. முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மனியில் தொழிலாளருக்கு வீடில்லாத நிலை மிகக் கடுமையாக இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே என்பவரின் தலைமையில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் எழுந்தன. அவற்றுக்காக 1926-இல் அப்பெண்மணி அமைத்த அடுக்களை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது. ஓடும் இரயிலின் உணவு வண்டியில் எத்துணைச் சிறிய இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். கடிகாரத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் நடையையும் அளந்தார். மாவில் புழு வைக்காதிருக்க ஓக் மரப் பெட்டி. கறை பற்றாதிருக்கப் பீச் மர மேசை. அலமாரிகளுக்கோ நீலமும் பசுமையும் கலந்த நிறம். அந்நிறத்தில் ஈக்கள் அமரா என்று அப்போது நம்பினர். அந்நம்பிக்கை ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டதன்று. ஆனால், அழகுக்காக மட்டுமன்றி வேலையின் பொருட்டும் நிறத்தைத் தேர்ந்தார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

அத்தகைய அடுக்களைகள் பதினாயிரம் அளவில் கட்டப்பட்டன. இதைப் பெண்விடுதலை என்று புகழ்ந்தோரும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பிற்காலத்தில் கண்டித்தோரும் உண்டு. இரண்டாவது கருத்திலும் நியாயமிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். குழந்தை வந்து அம்மாவின் பக்கத்தில் அமர அங்கு இடமில்லை. அதை அமைத்தவரின் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. நாஜி ஆட்சியை எதிர்த்த குற்றத்துக்காக 1941-இல் வியன்னாவில் கைதாகிப் போர் முடியும்வரை சிறையிலிருந்த அவர், நூறு வயதைக் கடந்து 2000-ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிறகு நடந்தவற்றை வணிகத்தின் கதை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1927-இல் அமெரிக்காவின் கோலர் நிறுவனம் குளியல் தொட்டியையும் கைகழுவும் தொட்டியையும் ஒரே வண்ணத் தொகுதியாக விற்கத் தொடங்கிற்று. 1950-களில் இளஞ்சிவப்பும், 1970-களில் வெண்ணெய்ப் பழத்தின் பச்சையும் அங்கே கோலோச்சின. வெள்ளைத் தொட்டி உடையும்வரை இருக்கும். வண்ணத் தொட்டியோ உடையாமலே பழையதாகிவிடும். விற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அண்மையில் எங்கள் வீட்டு அடுக்களையைப் புதுப்பித்தபோது, கடையின் குழல் விளக்கில் பார்த்த சந்தன நிறம் வீட்டின் ஒற்றைச் சாளர வெளிச்சத்தில் சாம்பலாகத் தோன்றியது. எனவே அட்டையைச் சுவரில் பொருத்திக் காலையும் மாலையும் பார்த்த பின்பே என் மருமகள் முடிவு செய்தாள். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூள் பறவாதபடி சுவரை நனைத்தே சுரண்டச் சொன்னேன். பேரக் குழந்தைகள் கூடத்துக்கு அனுப்பப்பட்டனர். கொத்தனார் சுரண்டச் சுரண்ட, இளமஞ்சளின் கீழே ஒரு பச்சை தெரிந்தது. அதன் கீழே நீலங்கலந்த வெள்ளை. அதற்கும் அடியில், என் தாயார் காலத்து விறகுப் புகை படிந்த சுண்ணாம்பு.