போலீஸ் அடிச்சா நஷ்டஈடு யார் தரணும்? ஒரு போஸ்ட்மார்ட்டம் சொன்ன பதில்

நான் திருச்சி காட்டூர்க்காரன், அரசு மருத்துவர். நைட் டியூட்டியில ரிமாண்டுக்கு முன்னாடி ஒருத்தரைக் கூட்டிட்டு வருவாங்க. "கீழ விழுந்துட்டான் சார், ஃபிட்னு எழுதிக் குடுங்க." அந்த ஏ.ஆர். நோட்டுல நாம எழுதுற நாலு வரிக்கு கோர்ட்ல என்ன மதிப்புன்னு எம்பிபிஎஸ்ல எனக்குப் புரியல. அந்த வரலாறுதான் இந்த இழை.

முதல்ல பழைய கதை. 1947-ல மீரட் போலீஸ் ஒரு வியாபாரிகிட்ட 100 தோலாவுக்கு மேல தங்கம் பறிமுதல் பண்ணுச்சு. ஏட்டு அதைச் சுருட்டிக்கிட்டு பாகிஸ்தான் ஓடிட்டார். கைது, பறிமுதல் எல்லாம் இறையாண்மை அதிகாரம், அரசு பணம் தர வேண்டியதில்லைன்னு 1964-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு (கஸ்தூரிலால் வழக்கு). தங்கத்துக்கே இந்தக் கதின்னா, உடம்புல விழுற அடிக்கு?

1983-ல ஒரு கதவு திறந்தது. விடுதலையான பிறகும் 14 வருஷம் பீகார் சிறையில கிடந்த ருதுல் சாவுக்கு 35,000 ரூபாய், ரிட் மனுவிலேயே.

அடுத்ததுதான் முக்கியம். ஒடிசா, 1987 டிசம்பர் 1. திருட்டு விசாரணைன்னு சுமன் பெஹேராவை போலீஸ் கூட்டிட்டுப் போகுது. வயசு 22. மறுநாள் அவர் உடல் ரயில் தண்டவாளத்துல. கட்டியிருந்த கயிறைக் கடிச்சு அறுத்துட்டு ஓடி, ரயில்ல அடிபட்டார்னு போலீஸ் சொன்னது. அம்மா நீலாபதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அதையே கோர்ட் மனுவா எடுத்துக்கிட்டது.

போஸ்ட்மார்ட்டம் செய்த மருத்துவர் சாட்சி சொன்னார். முகத்திலும் இடது பொட்டிலும் இருந்தவை இறந்த பிறகு பட்ட காயங்கள். மற்றதெல்லாம் உயிரோடு இருந்தப்போ பட்டவை. (உயிர் இருக்கும்போது பட்டா திசுவுக்குள்ள ரத்தம் கசியும், உறையும். செத்த உடம்புல அது நடக்காது.) ரயில் இழுத்துட்டுப் போனதால வந்த காயங்கள் இல்லை, லத்தி அடியால வரக்கூடியவை. அரசுத் தரப்பு எதிர்க் கருத்து ஒண்ணைக் காட்டுச்சு; அதை எழுதியவரைச் சாட்சிக் கூண்டுல ஏத்தவே இல்லை!

1993 மார்ச் 24. 1,50,000 ரூபாய் கொடுன்னு தீர்ப்பு. அடிப்படை உரிமையை மீறினா இறையாண்மைன்னு சொல்லி அரசு தப்பிக்க முடியாதுன்னும் சொன்னாங்க. தொகை குறைவுதான், எனக்கும் கோபம்தான். ஆனா 2025-ல மடப்புரம் அஜித்குமார் குடும்பத்துக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது இந்த வழியிலதான்.

டி.கே. பாசு தீர்ப்பு (1996) சொல்றபடி காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கணும். அந்த அறிக்கையோட நகல் கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ தரணும்னு இப்போதைய சட்டத்துலயும் (பிஎன்எஸ்எஸ் 53-வது பிரிவு) இருக்கு. அதனால உங்க வீட்டு ஆள்னா தயங்காம கேளுங்க. சக டாக்டர்களே, "பழைய காயம்"னு மட்டும் எழுதாதீங்க. அளவு, நிறம், இடம் மூணையும் எழுதுங்க.