சுவருக்குள் போன வயர்

போன ஆனி மாதம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு பழைய கல்வீட்டில் ரீவிக்கான இணைப்புத் தட்டு பதிக்கப் போயிருந்தேன். கொழும்பில் இருக்கும் அந்த வீட்டு மகன் அதை வாங்கி அனுப்பியிருந்தார். எச்டிஎம்ஐ இரண்டு, மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூன்று துவாரம், யுஎஸ்பி ஒன்று, இன்ரநெற்றுக்கு ஒன்று, ஸ்பீக்கர் வயருக்கு நான்கு முனை, எல்லாம் கையகலத் தட்டு ஒன்றில். இடம் பார்க்க அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரோடு ஒட்டியபடி ஒரு மரச்சட்டம், அதில் தகரக் கிளிப்புகள், கிளிப்புக்குள் துணி சுற்றிய வயர், முடிவில் வட்டக் கட்டையில் இரண்டு முள்ளுச் சொக்கற். பல தரம் வெள்ளையடித்ததில் எல்லாம் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது.

"அது அப்பா றேடியோவுக்குப் போடுவிச்சது தம்பி" என்றார் வீட்டு அம்மா. எண்பது வயதிருக்கும். ஏரியல் கம்பி இரண்டு தென்னைகளுக்கு இடையில் கட்டியிருந்ததாம். அது யன்னலால் உள்ளே வந்த இடத்தையும் கையால் தொட்டுக் காட்டினார்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் பாட்டும் பேச்சும் அந்த வழியால் நுழைந்தன. ஆனால் ஊர் முழுக்க ஒன்றாகக் கேட்டது கோயில் திருவிழா ஒலிபெருக்கியில். நான் தொழில் பழகியதும் அங்கேதான். 1978இல், பதினாறு வயதில், இணுவிலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட ஒரு அண்ணையிடம் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் வயர் சுற்றுவது மட்டும்தான் வேலை. வயரை முழங்கையில் சுற்றினால் முறுக்கு ஏறி உள்ளே செம்பு உடையும். கையில் ஒரு வளையம் நேராக, அடுத்தது திருப்பி என்று மாறிமாறி எடுக்கவேண்டும். இன்றைக்கும் என் கை அப்படித்தான் சுற்றும்.

திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர்களைப் பனையிலும் தென்னையிலும் ஏற்றிக் கட்டுவோம். கோயில் வாசலில் இருந்து சந்தி வரை அரை மைல் வயர் ஓடும். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய வயரில் சத்தம் எப்படிப் போகிறது என்று பலர் கேட்பார்கள். அம்பிளிபயரின் பின்பக்கத்தில் நூறு வோல்ற் முனை என்று ஒன்று உண்டு. அழுத்தத்தை ஏற்றி அனுப்பினால் வயரில் ஓடும் மின்னோட்டம் குறையும், வழியில் இழப்பும் குறையும். ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் சின்ன மாற்றி அதைத் திரும்ப இறக்கிக் கொடுக்கும். மலைநாட்டில் இலட்சபான மின்நிலையத்தில் இருந்து எங்களுக்குக் கரண்ட் வந்ததும் இதே கணக்கில்தான். அண்ணை இதைச் சொல்லித்தந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெரிய உலகமும் எங்கள் வயர்ச் சுருளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பது அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

மரத்தில் ஏறும் முன் மேலே கம்பி போகிறதா என்று பார்க்க மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 1974 சனவரி 10, நாலாவது தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அது போதும்.

பிறகு படம் வந்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் நான் கட்டிய அன்ரெனாக்கள் எத்தனை என்று கணக்கில்லை. ஆனால் ஊரை விடியவிடிய விழித்திருக்க வைத்தது வீடியோ டெக். ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வளவில் பாய் விரித்து, ஓர் இரவுக்கு மூன்று நாலு படம். டெக்கின் வயரை ரீவியின் அன்ரெனாத் துவாரத்தில் செருகி, முப்பத்தாறாம் சனல் பக்கமாகத் திருகியைத் திருப்பித் திருப்பிப் படத்தைப் பிடிக்கவேண்டும். புள்ளி புள்ளியாக இரைந்த திரையில் ஒரு முகம் தெளிந்து வரும்போது பிள்ளைகள் கத்துவார்கள். மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் எங்கள் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது காதுக்கு, சிவப்பு வலது காதுக்கு.

1990 நடுப்பகுதியில் போர் திரும்பவும் மூண்டது, கரண்ட் நின்றது. பற்றறியும் வரவில்லை. இருந்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றி இருந்து செய்தி கேட்டார்கள். டைனமோவில் வருவது ஆறு வோல்ற்தான், ஆனால் திசை மாறி மாறி வரும். அப்படியே கொடுத்தால் றேடியோ இரையும். பழுதான பெட்டிகளில் இருந்து நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் கழற்றி, சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிக் கொடுப்பேன். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரலும் அமிழும். "சுத்தடா, சுத்தடா" என்று எல்லாரும் கத்துவார்கள். நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சவர்க்காரப் பெட்டிதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. நான் அம்பிளிபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நடந்தேன். வயர்ச் சுருள்களை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சுவர்களில் இருந்த வயரெல்லாம் உருவப்பட்டிருந்தது. சொக்கற் இருந்த இடங்களில் வெறும் குழி.

அதன்பிறகு நெடுங்காலம் ஒருவரும் சுவருக்குள் வயர் போடச் சொல்லவில்லை. "சுவரை உடைக்காதை, மேலாலை அடிச்சு விடு தம்பி" என்பார்கள். காசுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஊரின் கையில் ஊறியிருந்தது. 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தபோதும், பலகையில் அடித்த வயர்தான். குழாய் பதிக்கும் வேலை எனக்கு ஓடத் தொடங்கியது 2009இல் போர் முடிந்த பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் மேல்மாடி வீடுகள் எழும்பியபோதுதான்.

கோண்டாவில் வீட்டில் சுவர் ஒன்றேகால் அடித் தடிப்பு. சுண்ணாம்புக்கல்லைச் சீமெந்துக் கல்லைப்போல் நேர்கோடாக வெட்ட முடியாது, கல் தன் இஷ்டத்துக்கு உதிரும். இரண்டு நாள் உளியால் கொத்தினேன். கரண்ட் வயருக்கு ஒரு குழாய், அதிலிருந்து ஓர் அடி தள்ளி சத்தத்துக்கும் படத்துக்கும் இன்னொன்று. இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. முன்பு ஒரு மண்டபத்தில் அவசரத்தில் இரண்டையும் ஒரே குழாயில் விட்டேன். திறப்பு விழாவில் தேவாரத்துக்கு அடியில் முழுக்க "உம்" என்ற இரைச்சல். புதுப் பூச்சை உடைத்து என் செலவில் திரும்பப் போட்டேன். அந்தச் சுவரின் ஒட்டு இன்றும் தெரியும்.

எச்டிஎம்ஐ வயரின் தலை பெரிது, வளைவில் சிக்கும். அதனால் ஒன்றேகால் அங்குலக் குழாய், மூலைகளில் அகன்ற வளைவு. தட்டைப் பூட்டி ரீவியைப் போட்டுப் பார்த்தபின், மரச்சட்டத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். பிறகு, "தம்பி, பக்கத்திலை ஒரு வெறும் குழாயும் வைச்சுப் பூசிவிடு. நாளைக்கு என்ன வயர் வருமோ" என்றார்.

வைத்தேன். குருநகரில் வலைக்கு வாங்கும் நைலோன் நூலை அந்தக் குழாய்க்குள் விட்டு, வருகிறவர் இழுக்க வசதியாக இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.