பாட்டு எங்கயும் போகல

2011 கோடை லீவு, கம்பத்துல எங்க வீடு. அப்பா காலையில கம்ப்யூட்டரைப் போட்டு டி டிரைவைத் திறந்தா 'பாட்டு' ஃபோல்டரைக் காணோம். அதே பேர்ல ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கு, ஒண்ணு ரெண்டு கேபி. அத்தனை பாட்டும் போயிருந்தா டிரைவ்ல காலி இடம் கூடியிருக்கணும். கூடல. அதை அன்னைக்கு யாருமே பார்க்கல. இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

அந்த ஃபோல்டர் எப்படி நிரம்புச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். அப்பா காலத்துல கேசட் பதியுற கடை. பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு வந்தா ரெண்டு நாள்ல கேசட் ரெடி. பண்ணைப்புரம் எங்க பக்கத்து ஊர்ங்கிறதால, 1976 'அன்னக்கிளி'யில இருந்து ராஜா பாட்டு வரிசையா இருக்கணும்னு அப்பாவுக்கு ஒரு வைராக்கியம். கேசட் விளிம்புல ரெண்டு குட்டி பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைச்சுட்டா மேல யாரும் பதிய முடியாது. பாதுகாப்பு அவ்வளவு எளிமை.

அப்புறம் செல்போன் கடையில மெமரி கார்டுலயும் பென் டிரைவ்லயும் பாட்டு ஏத்திக் குடுத்தாங்க. ஊர்ல உள்ள எல்லா பென் டிரைவும் அந்த ஒரே கம்ப்யூட்டர்ல சொருகி எடுக்கப்படும். வைரஸுக்கு இதைவிட நல்ல சந்தை எங்க கிடைக்கும்?

கதவைத் திறந்து வச்சது மைக்ரோசாப்ட்தான். விண்டோஸ் 95-ல ஆட்டோரன் வந்துச்சு. சிடியைப் போட்டதும் அதுவா ஓடும். பென் டிரைவ் காலத்துல அதே வசதி வைரஸுக்கு வாகனமாச்சு. 2008 கடைசியில கிளம்பின கான்ஃபிக்கர் பரவுறதுக்கு இதுவும் ஒரு வழி. 2011 பிப்ரவரியிலதான் எக்ஸ்பி, விஸ்டாவுக்கு அப்டேட் அனுப்பி, பென் டிரைவ்ல ஆட்டோரனை நிறுத்தினாங்க. எங்க வீட்ல நெட் இல்ல. அப்டேட் எங்க வரும்?

ஆனா ஷார்ட்கட் வைரஸுக்கு ஆட்டோரனே தேவையில்ல, நம்ம விரல் போதும். அது ஃபோல்டரை அழிக்காது, மறைக்கும். 1981-ல ஐ.பி.எம். பி.சி.யோட வந்த டாஸ்லயே, சிஸ்டத்தை எழுப்புற ஃபைல்களை யாரும் தெரியாம அழிச்சுடக் கூடாதுன்னு மறைச்சு வைக்கிற ஏற்பாடு இருந்துச்சு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பைட் ஒதுக்கி, அதுல ஒரு பிட் 'ஹிட்டன்', இன்னொண்ணு 'சிஸ்டம்'. வைரஸ் ரெண்டையும் போட்டுவிடும். 'மறைஞ்ச ஃபைலைக் காட்டு'ன்னு டிக் பண்ணாலும் தெரியாது. சிஸ்டம் ஃபைலை மறைக்கிற டிக்கையும் எடுக்கணும். ஷார்ட்கட்டை அமுக்கினா வைரஸ் ஓடி, கூடவே உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால பல பேருக்குச் சந்தேகமே வராது. வைரஸைத் துடைச்சுட்டா ஷார்ட்கட் வேலை செய்யாது. அப்பதான் 'ஐயோ, பாட்டு போச்சே'ம்போம். அட்ரிப்னு ஒரு கமாண்ட், மைனஸ் ஹெச், மைனஸ் எஸ். ஒரே வரியில எல்லாம் திரும்பியிருக்கும்.

எங்களுக்கு அது தெரியாது. ரிப்பேர் பார்த்த அண்ணன், "ஃபார்மேட் அடிச்சிருவோம் சார், பாட்டு நான் ஏத்தித் தாரேன்"னார். அப்பா சரின்னுட்டார்.

அதுக்கப்புறமும் வாய்ப்பு இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு ஆறல. குயிக் ஃபார்மேட் பாட்டை அழிக்காது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கை மட்டும் புதுசாக்கும். மேல வேற எதுவும் எழுதாம இருந்திருந்தா ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே தோண்டி எடுத்திருக்கும். நாங்க என்ன செஞ்சோம்? சாயங்காலமே அதே டிரைவ்ல ராஜா பாட்டை மறுபடி ஏத்தினோம்.

ராஜா பாட்டு எங்க போனாலும் கிடைக்கும். அந்த ஃபோல்டர்ல, அப்பத்தா பாடின நடவுப் பாட்டு நாலு இருந்துச்சு, நான் நோக்கியா போன்ல பதிஞ்சது. ஏ.எம்.ஆர். ஃபைல். முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற வயல்ல அவங்க சின்ன வயசுல பாடினது. 2010 தை மாசம் அப்பத்தா போயிட்டாங்க.

போன வருஷம் அந்த ஹார்ட் டிஸ்க்கை பெங்களூருக்குக் கொண்டுவந்து ஃபோட்டோரெக் ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. பேர் இல்லாம வெறும் நம்பரா எம்பி3 நிறைய வந்துச்சு, பாதிக்கு மேல ராஜா. ஏ.எம்.ஆர். ஒண்ணுகூட இல்ல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.