வாவியின் அழகும் வயலின் நினைவும்

கண்டிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், தலதா மாளிகையின் முன்னுள்ள வாவியைக் காட்டி, இதனைக் கட்டியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று கூறத் தவறுவதில்லை. மண் சுமந்தோர் யாவர், நீரின் கீழ் மறைந்தது யாது என்னும் வினாக்களோ எழுவதேயில்லை.

இன்று நீர் நிற்குமிடம் ஒருகால் வயல்வெளி. 1812இல் நிறைவெய்திய வாவியும், பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபமும் தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம் என்பர். அக்கலைத்திறனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அங்கு உழைத்தோர் கூலி பெற்றவரல்லர்; நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்குப் பணிசெய்யக் கடமைப்பட்ட இராஜகாரியக் குடிகள். எதிர்த்து நின்றோர் வாவியின் அடித்தரையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. அது எழுத்துக்கெழுத்து உண்மையோ அன்றோ, மக்கள் அவ்வேலையை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதற்கு அதுவே சான்று.

1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டபோது அவனைக் காக்கக் குடிகள் திரண்டெழவில்லை. பிரதானிகளின் சூழ்ச்சி மாத்திரமே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. நாயக்க வம்சத்தவனாகிய அவனைத் தமிழ் மன்னனெனப் போற்றுவோர் நம்மிடையே உளர். மன்னனின் மொழியைக் கொண்டு மண் சுமந்தோரின் பாரத்தை அளத்தல் இயலுமோ?

கொடுங்கோன்மையிலிருந்து மக்களை மீட்டதாகப் பறைசாற்றிய ஆங்கிலேயரும் அதே இராஜகாரியத்தைக் கைவிட்டாரில்லை. 1820களில் தேசாதிபதி பான்ஸ், கொழும்பு–கண்டி வீதியை அமைத்தது அக்கட்டாய உழைப்பைக் கொண்டே. அம்முறை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. பின்னர்க் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயன் காம்பராக்களில் அடைக்கப்பட்டனர். வீடு தோட்டத்துக்குரியது, வேலை போயின் கூரையும் போயிற்று. ஆணையிடும் சவுக்குக்குப் பதிலாக வீடே விலங்காயிற்று.

இவையெல்லாம் பழங்கதையென்று ஒதுக்கிவிடலாமா? 1978இல் சட்டத்தால் நிறுவப்பெற்ற நகர அபிவிருத்தி அதிகார சபை, போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொழும்பு, கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. நகரை அழகுபடுத்தல் என்னும் பெயரால் வறியோர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். எனினும் குடியிருப்போர் வாளாவிருக்கவில்லை; உயர் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டினர். மன்னன் காலத்து உழவனுக்கு இல்லாத அவ்வுரிமை எவரும் ஈந்த கொடையன்று, போராட்டங்களின் பேறு.

வாவி அழகியது, அதனைத் தூர்க்க வேண்டுமென எவரும் கூறார். நகரங்கள் வளரவேண்டும், குடிசைகள் நல்ல வீடுகளாகவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. அவ்வீடு எங்கே, எவ்வாறு அமையவேண்டும் எனத் தீர்மானிப்போர் யார் என்பதே வினா. அடுத்தமுறை வாவிக்கரையில் நிற்கும்போது, கட்டுவித்தவனின் பெயரோடு இவ்வினாவையும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்போமாக.