தேர்க்காலும் சவாரித் திடலும்: ஓட்டுநன் பொறுப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொட்டியாரக் குடாவின் கரையிலே அமைந்த கிண்ணியா, கடலையும் வயலையும் மாட்டையும் ஒருங்கே நம்பி வாழ்ந்த ஊராகும். உழவு இயந்திரமும் பாரவூர்தியும் பெருகுவதற்கு முன்னர் களத்து நெல்லையும் காட்டு விறகையும் சுமந்து சென்றது இரட்டை மாட்டு வண்டிலே. இத்தகைய ஊர்களில் வண்டிலோட்டுதல் ஒரு தொழில் மாத்திரமன்று. மாட்டின் குணமறிந்து, பாதையின் பள்ளமறிந்து, எதிரே வருவோரின் வேகமறிந்து செயற்படவேண்டிய ஒரு கலையுமாகும். அக்கலையே வேளாண்மை ஓய்ந்த காலத்தில் போட்டியாக மாறுமிடத்து அது சவாரி எனப்படுகின்றது. வட இலங்கையில் மாட்டு வண்டிச் சவாரி பெற்றிருந்த செல்வாக்கு எத்தகையது என்பதை, சிவஞானசுந்தரம் தினகரனில் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரத்திற்குச் 'சவாரித் தம்பர்' என்று பெயரிட்டமையே காட்டப் போதுமானது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே ஆளின் இயல்பை வாசகர் விளங்கிக்கொண்டனர்.

சவாரியின் வேகத்தையும் வீரத்தையும் புகழ்ந்து எழுதியோர் பலர். ஆயின் வண்டில் தடம் மாறிப் பக்கத்து வண்டிலோடு மோதும்போது, அல்லது விலகிக் கூட்டத்தினுட் புகும்போது, அக்குற்றம் யாரைச் சாரும் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை. ஓட்டியவனையா, மாட்டுக்கு உடையவனையா, மாட்டையா, விழாவெடுத்த குழுவினரையா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. இலங்கை வரலாற்றின் தொடக்க ஏடுகளிலேயே அது தேர்க்காலின் வடிவில் நிற்கின்றது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவமிசம் கூறும் செய்திகளுள் ஒன்று யாவரும் அறிந்தது. அரசனின் ஒரே மகன் திசாவாவிக்குத் தேரேறிச் சென்றபோது, வழியிலே தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றொன்றின் கழுத்தின்மீது தேர்க்கால் ஏறிற்று. பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் அதே தேர்க்காலினால் மகனின் தலையைக் கொய்வித்தான். ஏறத்தாழ இக்கதையே திருவாரூரில் மனுநீதிச் சோழன் மீதும் அவன் மகன் வீதிவிடங்கன் மீதும் ஏற்றப்பட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரிவாக இடம்பெறுகின்றது. எது மூலம், எது வழி என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை. நோக்கற்பாலது வேறொன்று. அரசகுமாரன் வேண்டுமென்றே கன்றைக் கொன்றிலன் என்பதை மகாவமிசமே வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றது. பெரியபுராணத்திலும் கன்று தானே ஓடிவந்து தேர்க்காலிடை அகப்படுகின்றது. அமைச்சரும் கழுவாய் செய்தலே முறையென அரசனுக்கு எடுத்துரைக்கின்றனர். எனவே இருவேறு மரபுகளும், குற்றத்தின் அளவு சிறிது, தண்டத்தின் அளவு பெரிது என்பதை உணர்ந்தே இக்கதையைப் போற்றியுள்ளன. அவை அரசனின் நடுநிலையைக் காட்ட வந்தனவேயன்றி, ஓட்டுநனின் கவனக்குறைவை அளக்க வந்தனவல்ல. நீதிக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை மேடைதோறும் எடுத்தாள்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வதில்லை.

அளக்கும் வேலையைச் செய்தவை அறநூல்களும் பொருள்நூல்களுமாம். மனுதருமத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வண்டியோட்டுதல் பற்றி வரும் சில சுலோகங்கள், சாதிப் பாகுபாடுகள் மலிந்த அந்நூலில் எதிர்பாராத நுட்பத்தோடு அமைந்துள்ளன. மூக்கணாங்கயிறு அறுந்தபோதும், நுகம் முறிந்தபோதும், வண்டி பக்கவாட்டிலோ பின்னோக்கியோ திரும்பியபோதும், அச்சோ சில்லோ உடைந்தபோதும், வாரும் கழுத்துக் கயிறும் கடிவாளமும் அறுந்தபோதும், 'விலகுக' என ஓட்டுநன் உரக்கக் கூவியிருந்தபோதும் தண்டமில்லை என்று அந்நூல் பத்து விலக்குகளைக் கூறும். அடுத்து வருவதே முக்கியமானது. ஓட்டுநனின் திறமையின்மையால் வண்டி தடம் விலகித் தீங்கு நேர்ந்தால் தண்டம் உடையவனுக்கு; அது 200 பணம். ஓட்டுநன் தேர்ச்சியுடையவனாயிருந்தும் தீங்கு நேர்ந்தால் தண்டம் அவனுக்கே. தேர்ச்சியற்றவன் ஓட்டிய வண்டியில் ஏறியிருந்தோர்க்கும் ஆளுக்கு 100 பணம் தண்டம். அருத்தசாத்திரமும் இவ்வழியே சென்று, ஓட்டுநன் சிறுவனாயின் வண்டியிலிருக்கும் உடையவனே பொறுப்பாளி என்கின்றது.

அறியாமைக்கும் அசட்டைக்கும் இடையே இங்கு ஒரு கோடு கீறப்பட்டுள்ளது. ஓட்டத் தெரியாதவனின் கையிற் கயிற்றைக் கொடுத்தவன் குற்றவாளி. ஓட்டத் தெரிந்தவன் கவனியாது விட்டால் அவனே குற்றவாளி. தேர்ச்சி கூடக்கூடப் பொறுப்பும் ஓட்டுநன்மீது இறங்குகின்றது. இக்காலச் சட்ட நூல்களும் இதனை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுவதில்லை.

இவை பொதுப் பாதைக்குரிய விதிகள். பாதையில் வேகம் குற்றத்தின் அறிகுறி. பந்தயத் திடலிலோ வேகமே நோக்கம். திடலிலே கவனக்குறைவை எவ்வாறு அறிவது? இதற்குப் பழைய சான்று ஹோமரின் இலியத்துக் காப்பியத்தின் 23 ஆம் காண்டத்தில் உள்ளது. பத்திரோக்குளசின் ஈமப் போட்டிகளில் தேரோட்டம் நிகழ்கின்றது. போட்டி தொடங்குமுன் அக்கிலீசு, முதியவனாகிய பீனிக்சைத் திரும்புகம்பத்தருகே நிறுத்தி, நடப்பதை நினைவிற்கொண்டு உண்மையை உரைக்குமாறு பணிக்கின்றான். பந்தய நடுவனைப் பற்றி இலக்கியத்திற் காணப்படும் மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று. மழை அரித்த ஒடுங்கிய இடமொன்றில் இளைஞனாகிய அந்திலோக்கசு தன் தேரை மெனலாசின் தேருக்கு நெருக்கமாகச் செலுத்துகின்றான்; மோதலுக்கஞ்சி மெனலாசு தன் குதிரைகளைத் தளர்த்துகின்றான்; இளைஞன் முந்துகின்றான். பரிசளிக்கும் வேளையில் மெனலாசு முறையிடுகின்றான். அவன் கேட்பது சாட்சியன்று, சத்தியம். குதிரைகளின் முன் நின்று, சாட்டையைக் கையிலேந்தி, குதிரைகளைத் தொட்டு, வஞ்சனையால் தன் தேரைத் தடுக்கவில்லை எனப் பொசைடன் மீது ஆணையிடுமாறு கேட்கின்றான். அந்திலோக்கசு ஆணையிட மறுத்து, தன் இளமையைக் காரணங்காட்டி, பரிசாகப் பெற்ற குதிரையை ஒப்படைக்கின்றான். மெனலாசு சினம் தணிந்து அதனை அவனுக்கே திருப்பிக் கொடுக்கின்றான். அதே ஓட்டத்தில் நுகம் முறிந்து வீழ்ந்த யூமெலசை எவரும் குறைகூறவில்லை. அவனுக்கு ஆறுதற் பரிசே கிடைக்கின்றது. மனுதருமத்தின் விலக்கும் ஹோமரின் களமும் நுகத்தடியில் வந்து ஒன்றுபடுதல் வியப்பிற்குரியது.

உரோமரின் அரங்கிலே இந்நயம் மறைந்தது. தேரோட்டிகள் கடிவாள வார்களை இடுப்பிற் கட்டிக்கொண்டு, விழுந்தால் அறுத்துக்கொள்ளக் கத்தியொன்றையும் செருகிக்கொண்டு ஓட்டினர். தேர் சிதறுதலை அவர்கள் 'கப்பலுடைவு' என்னும் சொல்லாலேயே அழைத்தனர். துறைமுகப் பகுதியைச் சேர்ந்தோர்க்கு அச்சொல்லின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. ஓட்டிகளிற் பலர் அடிமைகளாகவோ விடுதலைபெற்ற அடிமைகளாகவோ இருந்த அவ்வரங்கிலே கூட்டம் காண விரும்பியவற்றுள் ஒன்றாக உடைவும் ஆகிவிட்டது.

திடலின் ஒழுங்கு எழுத்து வடிவம் பெற்றது பிற்காலத்து வண்டிக் குதிரைப் பந்தயத்திலாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1870 இல் இப்பந்தயத்திற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னர் திடலுக்குத் திடல் விதி வேறுபட்டது. ஓரிடத்தில் விலக்கப்பட்டவன் மற்றோரிடத்தில் ஓட்டினான். இப்பந்தயத்தில் 'சல்கி' என்னும் இலேசான இருசில்லு வண்டியிற் பூட்டிய குதிரை பாய்ந்தோடுதல் ஆகாது. குறித்த நடையிலேயே விரைதல் வேண்டும். நடை பிறழ்ந்து பாய்ச்சலெடுத்தால், இடமிருக்கும் பக்கமாக ஒதுக்கி, வேகந்தணித்து, மீண்டும் நடைக்குக் கொணர்தல் ஓட்டுநன் கடன். பிறழ்ந்தது குதிரையாயினும் ஒதுக்காமை ஓட்டுநன் குற்றம். மாட்டின்மீது பழிபோடும் வழக்கமுள்ள நம்மவர்க்கு இப்பாகுபாடு சிந்தனைக்குரியது.

வட்டத் தடத்திற் பல வண்டிகள் சில்லோடு சில்லுரச ஓடுவதால் இங்கு விதிகள் பெருகின. 1946 இல் நியூயோர்க்கின் உரூசுவெல்ட் திடலில், மோட்டார் வண்டியிற் பொருத்திய மடிப்புச் சிறகுகளையுடைய நகரும் தொடக்கவாயில் பயன்பாட்டுக்கு வந்தபின் தொடக்கத்திலெழுந்த குழப்பம் பெரிதும் குறைந்தது. அவுஸ்திரேலிய விதிகள் ஓட்டுநனின் தவறுகளைக் கவனக்குறைவு, திறமையின்மை, மூர்க்கம், முறைகேடு எனப் பெயர் பிரித்துக் கூறுகின்றன. ஒருவன் மற்றொருவனின் வழியை மறித்தால் இருவேறு நடவடிக்கைகள் எழக்கூடும். முதலாவது, மறித்த குதிரையின் இடத்தை மறிக்கப்பட்டதற்குப் பின்னாகத் தள்ளுதல். இது பரிசைத் திருத்துவது. இரண்டாவது, ஓட்டுநனைக் குறித்த காலம் ஓட்டாது விலக்குதல் அல்லது தண்டப்பணம் விதித்தல். இது ஒழுக்கத்தைத் திருத்துவது. இலியத்தில் முதலாவது மாத்திரமே உண்டு. எல்லாளன் கதையில் இரண்டாவது மாத்திரமே உண்டு. இரண்டையும் வேறு வேறாக நிறுத்தி, கவனக்குறைவுக்கும் மூர்க்கத்துக்கும் வெவ்வேறு அளவு கண்டதே இவ்விதிகளின் சிறப்பெனலாம்.

இனித் தமிழர் திடல்களை நோக்கலாம். வட இலங்கைச் சவாரியில் நேரான தடத்திலே இரண்டு மாடு பூட்டிய வண்டில்கள் ஓடுகின்றன. மாடுகள் ஏ, பி, சி எனப் பிரிவுபடுத்தப்பட்டு நிகரானவை எதிரெதிரே விடப்படுகின்றன. கொங்கு நாட்டு ரேக்ளாவிலே வண்டிகள் தனித்தனியே 200 அல்லது 300 மீற்றர் ஓடி நேரத்தால் வெல்கின்றன. தென்பாண்டிப் பகுதியிலோ பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்னும் வகைகளில் பல வண்டிகள் ஒரே வேளையில் நெடுஞ்சாலையில் மைல்கணக்கில் ஓடுகின்றன. கொங்கு முறையில் ஒருவன் மற்றவனை மறித்தற்கு வாய்ப்பேயில்லை. திடலின் அமைப்பே நடுவனாக நிற்கின்றது. நேர்தடச் சவாரியில் வாய்ப்புக் குறைவு. தென்பாண்டிச் சாலையில் அது மிகுதி.

ஆயின் திடலமைப்பினால் அடக்கமுடியாத ஒன்றுண்டு. அது ஓட்டுநன் கையிலுள்ள கம்பு. எதிரியை மறித்து வெல்ல இயலாதவிடத்து வெற்றியின் முழுப்பாரமும் மாட்டின் முதுகிலேயே இறங்குகின்றது. துவரங்கேட்டியால் அடித்தலும், கூரிய ஆணியாற் குத்துதலும், வாலை முறுக்குதலும் இவ்வழி வந்தவை. மேனாட்டு விதிகள் சாட்டையின் பயன்பாட்டையும் ஓட்டுநன் ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே கொண்டன. நம்மவரோ அதனை மாட்டுக்கும் உடையவனுக்கும் இடைப்பட்ட தனி விவகாரமாக நெடுங்காலம் விட்டிருந்தனர். இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 இல் இயற்றப்பட்டது. அதன் உச்சத் தண்டப்பணமாகிய 100 ரூபா அன்று ஒரு வண்டிற்காரனை அச்சுறுத்தியிருக்கும். இன்று ஒருவேளை உணவுக்கும் போதாது.

திடல் தானே திருந்தாதவிடத்து நீதிமன்றம் உள்ளே வரும் என்பதற்குத் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் சான்று. ஏறுதழுவல் வழக்கு எனப் பலரும் அறிந்த நெடிய வழக்கின் தொடக்கம் உண்மையில் ஒரு ரேக்ளா விண்ணப்பமேயாகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி வேண்டி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 2006 மார்ச்சில் நீதிபதி பானுமதி அனுமதி மறுத்ததோடமையாது ஏறுதழுவலையும் சேர்த்துத் தடைசெய்தார். 2007 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2014 மே 7 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017 இன் கிளர்ச்சியை அடுத்து மாநிலத் திருத்தச் சட்டங்கள் எழுந்தன. தமிழ்நாடு, மகாராட்டிரம், கருநாடகம் ஆகியவற்றின் திருத்தங்கள் செல்லுமென 2023 மே 18 இல் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. இப்பதினேழு ஆண்டு வாதத்தில் மாட்டின் உரிமையும் பண்பாட்டின் உரிமையும் நிறையப் பேசப்பட்டன. கயிற்றைப் பிடித்தவனின் கடமை பற்றிய பேச்சோ அருகியே கேட்டது. அனுமதியா தடையா என்னும் இரண்டுக்குமிடையே, தவறிழைத்த ஓட்டுநனை மாத்திரம் விலக்கி ஆட்டத்தைக் காக்கும் நடுவழி ஒன்றுண்டு என்பது இரு தரப்பாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

போர்க்காலத்தில் நலிந்த சவாரி 2009 இற்குப் பின்னர் வட மாகாணத்தில் மீண்டும் தழைத்துள்ளது. ஊர்க் கழகங்களே இதனை நடத்துவதால் எழுதப்பட்ட விதிகளுக்கு இடமிருந்தும், பெரும்பாலும் நடுவரின் சொல்லும் ஊர்ப்பெரியோரின் சமரசமுமே பூசலைத் தீர்க்கின்றன. அந்திலோக்கசு குதிரையை ஒப்படைத்ததும் அத்தகைய ஒரு சமரசமே. அது மானமுள்ள இருவரிடையே செல்லும். பந்தயப் பணமும் கூட்டமும் பெருகிய திடலிற் செல்லுமா என்பது ஐயத்துக்குரியது.

பொறுப்பை எங்கே வைப்பதென்பது திடலோடு முடியும் வினாவுமன்று. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடைபெற்ற காலத்தில் மாற்று வழியாகப் பயன்பட்ட படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உள்ளிட்டோர் உயிரிழந்தபோது, செலுத்தியோரா, நடத்தியோரா, அனுமதித்தோரா என ஊர் கேட்டதும் இதே வினாவைத்தான். ஏறியிருந்தோர்க்கும் தண்டம் விதித்த பழைய விதி அக்கரையில் நின்று படிக்கத்தக்கதன்று.

எல்லாளனைப் பற்றி மகாவமிசம் கூறும் மற்றொரு செய்தி தமிழ் மேடைகளில் அருகியே கேட்கப்படுகின்றது. அரசன் சேதியகிரிக்குச் சென்று திரும்புகையில் அவன் தேரின் நுகமுனை தாதுகோபமொன்றின்மீது பட்டு அதனைச் சிதைத்தது. அமைச்சர் அதனை எடுத்துரைத்தனர். அரசனும் வேண்டுமென்று செய்திலன். எனினும் தேரினின்றும் இறங்கி, வழியிலே கிடந்து, தன் தலையையும் தேர்க்காலினாற் கொய்யுமாறு கூறினான். பிறர்க்குத் தீங்கு செய்தலைத் தம் ஆசான் விரும்பார், தாதுகோபத்தைத் திருத்தியமைத்தலே போதும் என்று அமைச்சர் தடுத்தனர். பெயர்ந்திருந்த கற்கள் 15. அவற்றை மீள அமைப்பதற்கு அரசன் செலவிட்டது 15,000 கஹாபணம்.