எட்ட நின்று எடுத்த படம்



ரவாங்கைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் நாம் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி பொருத்தினர். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது இவ்வூரில்தான். அந்த லோக் இயூவின் மகன் பறவைகளைப் படமெடுப்பதில் பெயர் பெற்றவர் என்பதை நாம் சொல்வதில்லை. எனக்கே நெடுங்காலம் தெரியாது.

லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். கேத்தே திரையரங்குகளின் அதிபராகவே பலரும் அவரை அறிவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தஞ்சம் புகுந்த அவருக்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பு வாய்த்தது. படச்சுருள் காலத்தில் ஒரு பறவையைத் தெளிவாகப் பிடிக்க வேண்டுமாயின், அது திரும்பத் திரும்ப வரும் இடம் தெரிந்திருக்க வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் கூடுதான். கூட்டுக்கருகே மறைவிடம் அமைத்து, அதனுள் மணிக்கணக்கில் அசையாது காத்திருப்பர். அம்மறைவிடத்தையும் ஒரே நாளில் அருகே கொண்டு வைப்பதில்லை. தொலைவில் நிறுத்தி, பறவை பழகப் பழகச் சிறிது சிறிதாக நகர்த்துவர். அவ்வழியில் உழைத்த லோக் வான் தோ தம் படங்களை 1957இல் நூலாக வெளியிட்டார். 1964 ஜூன் 20 அன்று தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

இந்தப் பொறுமை எதுவும் என்னிடம் இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில், 2003இல், கடன் வாங்கி ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். இரண்டு மெகாபிக்சல். வகுப்பறைக்கு வெளியே தொங்கிய பூச்சாடியில் தேன்சிட்டு ஒன்று பை போலக் கூடு கட்டியிருந்தது. பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே அக்கேமரா படமெடுக்கும். அதற்குள் குருவி தலையைத் திருப்பிவிடும். ஆகவே கை நீட்டினால் தொடும் தொலைவில் நின்று, மின்னொளி போட்டு, மீண்டும் மீண்டும் எடுத்தேன். பின்னால் மாணவர் வரிசை. மூன்றாம் நாள் தாய்க்குருவி வரவில்லை. உள்ளே இரண்டு முட்டைகள். “குருவி ஏன் வரலை டீச்சர்?” என்று கேட்ட பிள்ளைக்கு, மழை என்று பொய் சொன்னேன்.

வருத்தம் என்னவெனில், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மலேசியர் ஒருவர் வேறு வழி காட்டியிருந்தார். 1999இல் நிக்கோன் நிறுவனம் கூல்பிக்ஸ் 950 என்னும் சிறு கேமராவை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ அத்தகைய கேமராவைத் தம் தொலைநோக்கியின் கண்வில்லையோடு ஒட்டிப் பிடித்தார். ஏறக்குறையத் தற்செயலாக நிகழ்ந்ததுதான். படம் வியக்கத்தக்க தெளிவுடன் வந்தது. கேமராவின் வில்லை சிறியதாதலால் கண்வில்லைக்குள் நன்கு பொருந்தியது. எடுத்த படத்தை உடனே திரையில் பார்த்துக் குவியத்தையும் திருத்திக்கொள்ளலாம். கணக்கும் எளிது: கேமராவின் 115 மில்லிமீட்டரை 20 மடங்குத் தொலைநோக்கி பெருக்கினால் 2300 மில்லிமீட்டர். அவ்வளவு நீண்ட வில்லையை எந்த ஆசிரியச் சம்பளத்தில் வாங்குவது? இணையம் வழி இம்முறை உலகெங்கும் பரவியது. அதற்கு ‘டிஜிஸ்கோப்பிங்’ என்று பெயரிட்டவர் அலென் ஃபோசே என்னும் பிரெஞ்சுக்காரர்.

இப்போது எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையோரச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. எதிர்த் தாழ்வாரத்தில் பழைய தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, கைப்பேசியைக் கண்வில்லையில் வைத்துப் படமெடுக்கிறோம். ஓரங்களில் வட்டமாக இருள் கவிந்த படம்; நடுவே குருவியின் தலை மட்டும் தெரிகிறது. முட்டை எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் பிள்ளைகள் நாற்காலி கேட்டனர். கொடுக்கவில்லை.