சைலன்சர் இரைச்சல்

மோட்டார் சைக்கிளின் புகைபோக்கியில் ஒலித் தடுப்பு அமைப்பை நீக்குவதாலோ, வேறு சைலன்சர் பொருத்துவதாலோ எழும் மிகையொலி. எஞ்சினிலிருந்து வெடிப்பு வெடிப்பாக வரும் வாயு, சைலன்சருக்குள் உள்ள தடுப்பு அறைகளில் மோதித் தணிகிறது. அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டால் வெடிப்பு அப்படியே வெளியே கேட்கும். வண்டி வேகம் கூடாது. கூடியதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் தயாரிப்பின்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒலியைத் தணிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலிக் கட்டுப்பாட்டை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியையும் ஓட்டியவர் மூன்று மாதம் இழப்பார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இந்த ஒலியின் இயல்பு நன்றாகப் புலப்படும். கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது எஞ்சின் சுழற்சி எகிறும். வண்டி கண்ணில் படுமுன்பே சத்தம் வந்துவிடும். இந்தச் சத்தம் எட்டக் கூடாத இடங்களும் உண்டு: மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வழிசெய்கின்றன. அங்கே இரவு வரம்பு வெறும் 40 டெசிபல். பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறது காவல்துறை.